இறங்கினதும் எந்தப் பக்கம் போறதுங்க?

வாசகர் கேள்வி – பதில்: முதல் வெளிநாட்டுப் பயணம்

கோயமுத்தூர் பீளமேட்டில் ஏறினால் நேராகச் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இறங்கலாம் என்றான பிறகு, விமானத்தையே பார்த்திராத வீடுகளிலிருந்தும் வெளிநாடு கிளம்புகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் யாரும் விமானத்தில் ஏறப் பயப்படவில்லை. இறங்கத்தான் பயப்படுகிறார்கள்.

"எனக்கு அறுபத்தொரு வயசுங்க. மக சிங்கப்பூர்ல இருக்கா, பிரசவத்துக்குக் கூப்புட்டிருக்கா. ஒத்தையாப் போகோணும். இறங்கினதும் எந்தப் பக்கம் போறது, என்ன கேப்பாங்கன்னு நெனச்சாலே தூக்கம் வர்றதில்லீங்க. இங்கிலீசும் தெரியாது."
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

இறங்கிய பிறகு நான்கே இடங்கள்தான் அம்மா: பாஸ்போர்ட் பார்க்கும் இடம், பெட்டி வரும் பெல்ட், சுங்கம், வெளிவாசல். கூட்டம் போகிற பக்கமே போங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். அது பாதிதான் சரி. வேறு விமானம் மாறிப் போகிறவர்களும் உங்களோடுதான் இறங்குவார்கள். அவர்கள் பின்னால் போனால் 'டிரான்ஸ்ஃபர்' பக்கம் போய்ச் சேர்வீர்கள். 'அரைவல்' என்ற பலகையையும் பெட்டிப் படம் போட்ட அம்புக்குறியையும் மகளிடம் வாட்ஸ்அப்பில் வாங்கி நாலு தடவை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் படிக்க இங்கிலீஷ் வேண்டியதில்லை.

ஆனால் அங்கே நடப்பதில் முக்கால்வாசி, கோபியில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகிவிடுகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அது கடிதம் போல வரும், அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். அதோடு 'எஸ்.ஜி. அரைவல் கார்டு' என்ற விண்ணப்பத்தை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையான ஐ.சி.ஏ.வின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது வேறு யாரோ. கார்டு போட்டுவிட்டதால் விசா வேண்டாம் என்றும், விசா இருப்பதால் கார்டு வேண்டாம் என்றும் இரண்டு விதமாகவும் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டும்.

அந்தக் கார்டில் கேட்கும் இமெயில் முகவரியில் கவனம் தேவை. சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி அந்த இமெயிலுக்குத்தான் வரும். டிராவல்ஸ்காரர் தன் இமெயிலைப் போட்டுவிட்டால் அந்தத் தேதி உங்கள் கண்ணில் படாது. மகளின் இமெயிலைக் கொடுக்கச் சொல்லுங்கள். விசா இரண்டு வருடத்துக்கு இருக்கிறது என்பதற்காக இரண்டு வருடம் தங்க முடியாது. அந்த அனுமதியில் உள்ள கடைசி நாள்தான் கணக்கு. கூடுதல் நாள் வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன்பே மகள் ஐ.சி.ஏ. தளத்தில் கேட்கலாம், கிடைத்தே தீரும் என்பதில்லை.

பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் ஆள் இல்லாத தானியங்கி வழிகள் இருக்கும். பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்க வேண்டும், கதவு திறக்கும், உள்ளே போனால் முகம், கண், ரேகை பதிவாகும். ரேஷன் கடையில் ரேகை விழாமல் நின்றிருப்பீர்களே, அதே கதை இங்கேயும் நடக்கும். காட்டு வேலை, பாத்திரம் தேய்ப்பது என்று தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காது. நான்கைந்து நாள் முன்பிருந்தே இரவில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வாருங்கள். அன்றைக்கு மட்டும் விரலை நன்றாகத் துடைத்துவிடுங்கள். அப்படியும் விழாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், ஊழியர் கவுண்டருக்கு அனுப்புவார். அது தண்டனை இல்லை. அதிகாரி நேரில் பார்ப்பார், அவ்வளவுதான்.

கவுண்டரில் கேட்பது இவைதான்: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், திரும்பும் டிக்கெட் எங்கே. "மகளுக்குப் பிரசவம். முப்பது நாள். மகள் வீடு." இதற்கு மேல் பேச வேண்டாம். "பேரனைப் பார்த்துக்க வந்திருக்கேன்" என்பது நம் வாயில் பாசம். குடிநுழைவு அதிகாரி காதில் அது சம்பளம் இல்லாத வேலை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த ஒரு வாக்கியம் உள்ளறை விசாரணை வரை இழுத்துவிடும். பார்க்க வந்தேன் என்றே சொல்லுங்கள். தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால், பேசத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள்.

ஒரு அட்டையில் மகளின் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊர் முகவரியில் கட்டட எண், மாடியும் வீடும் சேர்ந்த எண், ஆறு இலக்க அஞ்சல் எண் மூன்றும் இருக்க வேண்டும். கீழே மகளின் கைப்பேசி எண். போனில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். போன் அணைந்துபோவது சரியாக அந்த நேரத்தில்தான் நடக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். திரையில் உங்கள் விமான எண்ணுக்கு நேரே பெல்ட் எண் இருக்கும். பெட்டிக்குக் கலர் ரிப்பன் கட்டுங்கள், ஒரே மாதிரி பத்துப் பெட்டி வரும். நகரும் படிக்கட்டில் இடதுபுறம் ஒதுங்கி நில்லுங்கள். ஏசி குளிர் தோளில் இறங்கும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. மகள் சொன்ன நேரத்தோடு உங்கள் கடிகாரம் ஒத்துப்போகவில்லையே என்று பதற வேண்டாம். மூட்டுவலி இருந்தால், பறப்பதற்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்தில் சக்கர நாற்காலி கேளுங்கள். இலவசம். எல்லாக் கவுண்டரையும் தாண்டி வெளிவாசல் வரை தள்ளிக்கொண்டு விடுவார்கள். மொழிப் பயத்துக்காக மட்டும் நாற்காலி கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களால் நிஜமாக நடக்க முடியாதவர்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

"அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கு அம்மா மசாலாப் பொடி, அரிசி, கறிவேப்பிலை, நெய், தேங்காய் என்று மூட்டை கட்டுகிறார். எதைத் தடுப்பது?"
– வாசகி, ஈரோடு

பெரிய சண்டை வரப்போகிறது, காரணங்களோடு போங்கள்.

முதலில் கறிவேப்பிலை. பச்சை இலை அமெரிக்காவுக்கு ஆகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும்கூட அதைக் கொண்டுபோகக் கூடாது. அரிசியும் கொண்டைக்கடலையும் அடுத்து: தானியத்தைத் துளைக்கும் கப்ரா வண்டு இந்தியாவில் இருப்பதால், வீட்டு உபயோகத்துக்கு என்று பையில் கொண்டுபோகும் அரிசியை அமெரிக்கா வாங்கி வீசிவிடும். அரிசிம்பருப்பு சாதத்துக்கான அரிசியை அங்கேயே கடையில் வாங்கட்டும்.

கறிமசால், குருமாப் பொடி வீட்டில் அரைத்ததா? அதில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். கசகசா அபினிச் செடியின் விதை. மேல்தோலில் மார்ஃபினின் சுவடு ஒட்டியிருக்கும். நமக்கு அது குழம்பைக் கெட்டியாக்கும் சரக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டத்தில் அது போதைப்பொருள். சிங்கப்பூருக்கும் இஷ்டப்படி கொண்டுபோக முடியாது. வளைகுடாவுக்கு மசாலா அனுப்பும் வீடுகளில் கசகசா இல்லாமல் தனியாக அரைப்பது ஒன்றே வழி. பொடியாகிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம், சோதனைச்சாலைக்குத் தெரியும்.

ஊத்துக்குளி நெய், பால்கோவா, பன்னீர் ஆகியவை பிரிட்டனுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ போகக் கூடாது. வெளியிலிருந்து வரும் பால் பொருளும் இறைச்சியும் அங்கே தடை. கொப்பரை எந்த நாட்டுக்கும் பெட்டியில் ஏறாது: எண்ணெய்ச்சத்து மிகுதியால் எளிதில் தீப்பிடிக்கும் என்று பீளமேட்டிலேயே எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் நேர் எதிர்; அது பெட்டியில் கூடாது, கைப்பையில்தான். 20,000 எம்.ஏ.ஹெச். வரை கவலையில்லை.

மஞ்சள் தூள், மல்லித் தூள், நாட்டுச்சர்க்கரை போன்றவற்றைக் கடைப் பாக்கெட்டாக, பெயர் அச்சிட்டபடி கொண்டுபோவது நல்லது. பேர் எழுதாத பழுப்புப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு "இது கொள்ளுப் பொடிங்க" என்று அதிகாரிக்கு விளக்குவது கஷ்டம். சூரணம், லேகியத்துக்கும் இதே பேச்சு. இங்கிலீஷ் மாத்திரைகள் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை இரண்டையும் முன் அனுமதி இல்லாமல் அமீரகத்துக்குக் கொண்டுபோனவர்கள் சிறை வரை போயிருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு சூயிங்கம், மெல்லும் புகையிலை, வேப் எதுவும் கூடாது. சிகரெட் ஒன்றே ஒன்று என்றாலும் வரி உண்டு.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் தின்கிற சாமான் அத்தனையையும் படிவத்தில் 'உண்டு' என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகம் போனால் பொருள் போகும். மறைத்தால் அபராதம், நியூசிலாந்தில் அங்கேயே 400 டாலர், ஆஸ்திரேலியாவில் விசாவே ரத்தாகலாம். சுங்கத்தில் சிவப்பு, பச்சை என்று இரண்டு வழி இருந்தால், சிவப்பு வழி பொருளைக் காட்ட வேண்டியவர்களுக்கு. சந்தேகம் வந்தால் அதில் போவது புத்திசாலித்தனம். பச்சை வழியில் நுழைந்த நொடியே "என்னிடம் ஒன்றுமில்லை" என்று நீங்கள் சொல்லிவிட்டதாகக் கணக்கு.

"பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒற்றைச் சொல்தான், குடும்பப் பெயர் கட்டம் காலி. துபாய்க்குச் சுற்றிப்பார்க்கப் போகலாமா?"
– வாசகர், தாராபுரம்

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 2022 நவம்பரில் இருந்து, ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு பார்வையாளர் விசாவில் வருபவர்களை அமீரகம் ஏற்பதில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தில் தந்தையின் பெயர் இருந்தால் ஏற்கிறார்கள். இருந்தாலும் இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரைப் போட்டுப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு. அமெரிக்க விசாவிலும் இந்தக் காலிக் கட்டம் தலைவலி. பெயருக்கு முன்னால் 'எஃப்.என்.யு.' என்று அடித்துக் கொடுப்பார்கள். 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்.

"பனியன் கம்பெனியில் டெய்லர். பத்தாவது முடிக்கவில்லை. ஷார்ஜாவில் வேலை, இப்போதைக்கு விசிட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். இறங்கும்போது பிரச்சினை வருமா?"
– வாசகர், திருப்பூர்

இறங்கும்போது இல்லை, கோவையில் ஏறும்போதே வரும். வரவும் வேண்டும். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று இருக்கும். அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, அரசின் இ-மைகிரேட் தளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி என்றால் வெறும் முத்திரை இல்லை: சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எழுதிய ஒப்பந்தம் பதிவாகிறது. கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் போனால் இவை ஒன்றும் இல்லை. சம்பளம் தராவிட்டால் கேட்க ஒரு தாள்கூட இருக்காது.

முறையாகப் போய் இறங்கிய பிறகு முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால், அமீரகச் சட்டப்படி அது தப்பு. இந்தியத் தூதரகம் நடத்தும் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 800 46342. அங்கே இறங்கும் முன்பே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

"அப்பா அம்மாவை நியூயார்க் அனுப்புகிறோம். அபுதாபியில் விமானம் மாற வேண்டும். பெட்டியை எங்கே எடுப்பது?"
– வாசகர், பொள்ளாச்சி

முதலில் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா என்று பாருங்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டி அபுதாபியோடு நின்றுவிடலாம். எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டும், வெளியே வர அமீரக விசா வேண்டும். நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் இந்த வம்பு வேண்டாம்.

ஒரே டிக்கெட் என்றால் அபுதாபியில் ஒரு வசதி உண்டு: அமெரிக்கக் குடிநுழைவு, சுங்கச் சோதனை இரண்டையும் அங்கேயே முடித்துவிடுவார்கள். நியூயார்க்கில் உள்நாட்டு விமானத்தில் வந்தவர் போல இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் அந்த வரிசைக்கே நேரம் பிடிக்கும், நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். துபாய், தோஹா, ஃபிராங்க்ஃபர்ட் வழி என்றால் கதை வேறு. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, அடுத்த விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். 'கடைசி ஊர் வரை டேக் போட்டாச்சு' என்று கோவையில் சொன்னதை நம்பிப் பெட்டியை எடுக்காமல் போகிறவர்கள் ஏராளம்.

தங்கும் கெடு ஐ-94 என்ற பதிவில் இருக்கும். விசாவில் இருக்கும் தேதி வேறு, இது வேறு. போன மறுநாளே இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

"கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி. ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு முதல் முறை போகிறேன். சாம்பிள் துணி பெட்டியில் கொண்டுபோனால் பிடிப்பார்களா?"
– வாசகர், கரூர்

முழுத் துணியாக, விற்கிற நிலையில் இருந்தால் சரக்கு என்றுதான் பார்ப்பார்கள். ஓரத்தில் வெட்டு விழுந்திருக்க வேண்டும், அல்லது அழியாத மையில் 'சாம்பிள், விற்பனைக்கல்ல' என்று அடித்திருக்க வேண்டும். விலைப்பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும்; சிவப்பு வழியில் போய்க் காட்டுங்கள். நல்ல விலையுள்ள சாம்பிளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதென்றால் ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணம் இருக்கிறது, இந்தியாவில் தொழில் வணிகக் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது.

2025 அக்டோபரில் இருந்து ஐரோப்பிய எல்லைகளில் முத்திரைக்குப் பதில் இ.இ.எஸ். என்ற மின்பதிவு வந்திருக்கிறது. ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவுக்கு, ஏற்கெனவே ரேகை கொடுத்திருப்பதால் உங்களிடம் முகப் படம் மட்டும் எடுப்பார்கள். அதிகாரி கேட்டால் கண்காட்சி நுழைவுச் சீட்டு, ஓட்டல் பதிவு, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் முனையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். எஸ்8 அல்லது எஸ்9 வண்டியில் 'ஹவுப்ட்பான்ஹோஃப்' என்ற மத்திய ரயில் நிலையம், அங்கே மாறி எஸ்3 முதல் எஸ்6 வரை எதிலும் கண்காட்சி வளாகத்துக்கான 'மெஸ்ஸே' நிறுத்தம். டிக்கெட்டை இயந்திரத்தில் வாங்காமல் ஏறிவிடாதீர்கள். நுழைவாயிலில் தடுப்பு இருக்காது, உள்ளே பரிசோதகர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் ஊரில் கடைகள் மூடிக் கிடக்கும். சாலையைக் கடக்கும்போது முதலில் இடதுபக்கம் பாருங்கள். வண்டி அங்கிருந்துதான் வரும். நம் கழுத்து பழக்கத்தில் வலதுபக்கம் திரும்பும்.

"இறங்கியதும் கார்டு வேலை செய்யாவிட்டால்?"
– மாணவி, கோவை

வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே திறக்க வேண்டும், ஏ.டி.எம்., கடை, இணையம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச். ஒன்றைத் திறந்துவிட்டு எல்லாம் திறந்தாயிற்று என்று நினைக்கிறார்கள். ஓ.டி.பி. வருவதற்கு இந்திய சிம் போனிலேயே ரோமிங்கோடு இருக்க வேண்டும். அங்கே இயந்திரம் "ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தைத் தொடுங்கள். ரூபாய் என்று தொட்டால் மாற்று விலையை அவர்கள் வைப்பார்கள். முதல் நாள் செலவுக்கான நோட்டை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையக் கவுண்டரில் விலை கூடுதல்.

"எல்லோரும் போய்விட்டார்கள், என் பெட்டி மட்டும் வரவில்லை என்றால் என்ன செய்வது?"
– வாசகர், உடுமலை

அந்தக் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள். வந்துவிட்டால் திரும்பி நுழைவது பெரும்பாடு. பெல்ட்டுகள் பக்கத்திலேயே காணாமல் போன பெட்டிகளுக்கான கவுண்டர் இருக்கும். போர்டிங் பாஸில் ஒட்டிய சின்னச் சீட்டைக் காட்டி, பி.ஐ.ஆர். என்ற புகாரைப் பதியுங்கள். ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணும் கொண்ட ஒரு குறியீடு தருவார்கள். அது இல்லாமல் வந்தால் பின்னால் பேச முடியாது. பெட்டி உடைந்து வந்திருந்தால் 7 நாட்களுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். இடையில் வாங்கும் சட்டை, பேஸ்ட்டுக்கு ரசீது வையுங்கள்.

கிளம்பும் முன்பே பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "கறுப்புப் பெட்டி" என்றால் அங்கே யாருக்கும் எதுவும் புரியாது. வெளி டேக்கிலும், பெட்டிக்குள் துணிக்கு மேலும், போய்ச் சேரும் ஊர் முகவரியையும் போன் எண்ணையும் எழுதி வையுங்கள். உடுமலை முகவரியை எழுதினால் பெட்டி உடுமலைக்கு வந்துவிடும், நீங்கள் அங்கே இருப்பீர்கள். திரும்பும்போது மறக்காமல் அந்தச் சீட்டை மாற்றுங்கள்.